கிளினிக் நர்ஸ் வந்து பிள்ளைகளுக்குப் பாலியல் பாடம் எடுக்கிறார்களாம். கையெழுத்துப் போடலாமா?

உசிலம்பட்டிப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்தவள், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசினால் அவருக்குப் புரியும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இங்கே கேட்கிறேன்.

மூத்தவள் கிரேடு 7. பன்னிரண்டு முடிந்துவிட்டது. போன வாரம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தாள். அடுத்த டெர்மில் சுகாதாரத் துறையின் பள்ளிக் குழு வருமாம். கண், காது, பல் பார்த்துவிட்டு, எல்.ஓ. (லைஃப் ஓரியன்டேஷன், வாழ்க்கைத் திறன் பாடம்) டீச்சரோடு சேர்ந்து வளரும் பருவம், பாலியல் நலம் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுவார்களாம். கீழே பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கிழித்து அனுப்ப ஒரு துண்டு.

கடிதம் வந்த அன்றைக்கே அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப் பற்றிக்கொண்டது. பெட்டியோடு ஆணுறை கொண்டுவந்து விநியோகிப்பார்கள் என்று ஒருத்தி. 2019ல் சுற்றிய படங்களைத் தேடி எடுத்துப் போட்டாள் இன்னொருத்தி. மாமியார், "எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க, நாங்க பிள்ளை பெறலையா?" என்கிறார். வீட்டுக்காரர் "நீயே பார்த்து முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

என்ன பேசுவார்கள்? நான் கூட உட்காரலாமா? பன்னிரண்டு தாண்டிய பிள்ளைக்குப் பெற்றோரைக் கேட்காமலே கருத்தடை கொடுப்பார்கள் என்று சொல்வது நிஜமா? இன்னொன்று மனதை உறுத்துகிறது. பக்கத்துத் தெருவில் கிரேடு 10 படிக்கும் பெண் கர்ப்பம். பிள்ளை பிறக்கும்வரை வீட்டிலேயே இரு என்று அவள் பள்ளியில் சொல்லிவிட்டார்களாம். இப்படி நடக்கிற ஊரில் பாடம் நடத்தி என்ன பிரயோஜனம்?

லெனேசியா_தம்பி:

கையெழுத்துப் போடாதீர்கள். பள்ளி வேலை கணக்கும் அறிவியலும். இதெல்லாம் வீட்டு விஷயம். அரசாங்கத்துக்கு நம் பிள்ளைகளின் படுக்கையறைக்குள் என்ன வேலை?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

தம்பி, வீட்டு விஷயம் என்று சொல்கிற வீடுகளில் எத்தனை வீட்டில் அது பேசப்படுகிறது? உங்கள் அப்பா உங்களிடம் பேசினாரா? சரி, அதை விடுங்கள்.

தங்கச்சி, நான் சுகாதாரத் துறையில் பள்ளிக் குழு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்ஸ்வொர்த், ஷால்கிராஸ், மரியன்ஹில் என்று அந்த வெள்ளை வண்டியில் சுற்றாத இடம் இல்லை. அப்பா தமிழ்ப் பள்ளி வாத்தியார், அதனால் என் தமிழ் தப்பிப் பிழைத்தது.

இது யாரோ தொண்டு நிறுவனத்தார் நேற்று கிளப்பிய வேலை இல்லை. 2012ல் சுகாதாரத் துறையும் அடிப்படைக் கல்வித் துறையும் சேர்ந்து ஒருங்கிணைந்த பள்ளிச் சுகாதாரக் கொள்கையைக் கொண்டுவந்தன. சமூக மேம்பாட்டுத் துறையும் அதில் உண்டு. அதற்கு முன் பள்ளி நர்ஸ் என்றால் பேன், சிரங்கு, சொத்தைப் பல், தடுப்பூசி, அவ்வளவுதான். புதுக் கொள்கையில்தான் பெரிய வகுப்புகளுக்கு மாதவிலக்கு, கருத்தடை, பால்வினை நோய், எச்.ஐ.வி. பரிசோதனை, இளவயதுக் கர்ப்பம் எல்லாம் எங்கள் வேலைப் பட்டியலில் ஏறின. உலகத்திலேயே அதிகம் பேர் எச்.ஐ.வி.யோடு வாழும் நாடு இது. புதிதாகத் தொற்று வருகிறவர்களில் பதினைந்திலிருந்து இருபத்துநாலு வயதுப் பெண்கள்தான் எத்தனை பேர்! பள்ளிக்குள் போகாமல் அவர்களை வேறு எங்கே பிடிப்பது?

பிறகு ஏன் உங்கள் பள்ளிக்கு இவ்வளவு தாமதமாக வருகிறார்கள் என்றால், இங்கே பள்ளிகளை வசதியைப் பொறுத்து ஐந்து படியாகப் பிரித்திருக்கிறார்கள். கீழ் இரண்டு படியில் இருக்கும் பள்ளிகளை முதலில் கவனிக்கச் சொன்னது கொள்கை. நியாயம்தான். ஆனால் சாட்ஸ்வொர்த் பள்ளிகள் பல மேல்படியில் உட்கார்ந்திருப்பவை. பட்டியலில் அவற்றின் முறை கடைசியில்தான் வரும். கட்டணம் கட்டுகிற பள்ளி என்பதால் அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குப் பருவம் வராமல் இருக்கிறதா? ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுச் சலித்த கேள்வி இது.

இரண்டு துறையும் ஒழுங்காகக் கைகோத்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்கும் எச்.பி.வி. ஊசி. 2014ல் தொடங்கியது. அரசுப் பள்ளிகளில் கிரேடு 4 படிக்கும், ஒன்பது வயது நிறைந்த பெண்பிள்ளைகளுக்கு முதலில் போட்டோம். பிறகு அது கிரேடு 5க்கு மாறியது. வகுப்பு டீச்சர் பெயர்ப் பட்டியலும் பெற்றோர் கையெழுத்தும் வாங்கித் தயாராக வைத்திருப்பார். நாங்கள் குளிர்ப்பெட்டியோடு போய் இறங்குவோம். யார் என்ன செய்ய வேண்டும் என்று தாளில் இருந்தது, அதனால் நடந்தது. உங்கள் மகளுக்கும் அப்போது போட்டிருப்பார்கள், அவளுடைய சுகாதாரப் புத்தகத்தைப் பாருங்கள்.

பாடம் நடத்துகிற விஷயத்தில்தான் குளறுபடி. நர்ஸ் வந்து சொல்லிவிடுவாள் என்று டீச்சர் விட்டுவிடுவார். டீச்சர் சொல்லியிருப்பார் என்று நர்ஸ் மேலோட்டமாகப் பேசிவிட்டு வண்டியேறுவாள். மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் நம்பி அடுப்பில் பாலை விட்டுவிட்டுப் போன கதை.

ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. நூலக அறையில் உட்கார்ந்து பேசுவோம். பிள்ளைகள் பெயர் எழுதாமல் கேள்வியைச் சீட்டில் எழுதி ஒரு ஷூ டப்பாவில் போடுவார்கள். நீச்சல் குளத்தில் குளித்தால் கர்ப்பமாகுமா, மாதவிலக்குக்கு பேட் வாங்கக் காசில்லாவிட்டால் என்ன செய்வது, எனக்கு மட்டும் ஏன் இன்னும் மீசை வரவில்லை என்று விதவிதமாக வரும். சிரித்துக்கொண்டே படித்துப் பதில் சொல்வோம். அன்றைக்கு ஒரு சீட்டு, கணக்கு நோட்டின் மூலையைக் கிழித்து மடித்தது. "ஒரு அங்கிள் எனக்கு ஏர்டைம் (போன் ரீசார்ஜ்) வாங்கித் தருகிறார். யாரிடமும் சொல்லாதே என்கிறார். இது சரியா?"

அதை நான் உரக்கப் படிக்கவில்லை. பொதுவாக எல்லாருக்கும், பெரியவர் ஒருவர் பொருள் கொடுத்து ரகசியம் காக்கச் சொன்னால் அதில் தப்பு பிள்ளையுடையது இல்லை என்று சொன்னேன். யாரிடம் வந்து சொல்லலாம் என்று எல்.ஓ. டீச்சரையும் காட்டினேன். நான் அன்று மதியம் கிளம்பிவிடுவேன், திரும்பி வர மாதக்கணக்காகும். டீச்சர் அங்கேயே இருப்பவர். அந்த வாரத்திலேயே பிள்ளை அவரிடம் தானாக வந்து பேசினாள். சட்டப்படி டீச்சரும் நர்ஸும் அதை மூடி வைக்க முடியாது. குழந்தைகள் சட்டத்தில் இதைப் புகார் செய்வதற்கென்று இருக்கும் படிவம் 22ஐ நிரப்பிச் சமூக நலப் பணியாளருக்கு அனுப்பினோம். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நான் தனியாகப் போயிருந்தால் அந்தச் சீட்டு குப்பைக்குப் போயிருக்கும். டீச்சர் தனியாக நடத்தியிருந்தால் அந்தச் சீட்டே வந்திருக்காது, தினம் முகம் பார்க்கிற டீச்சருக்கு யார் அப்படி எழுதுவார்கள்?

அதனால் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்பதோடு நிறுத்தாதீர்கள். பாடம் முடிந்த மறுநாள் பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் பள்ளியில் யாரிடம் போவாள், எந்த கிளினிக், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அதற்குப் பதில் வைத்திருக்கிற பள்ளியில் இரண்டு துறையும் நிஜமாகவே பேசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

சாக்பீஸ்_டீச்சர் (பீனிக்ஸ்):

சிஸ்டர் அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் டர்பனில் பீனிக்ஸ் பகுதியில் எல்.ஓ. எடுக்கிறேன். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எல்.ஓ. பாடத்திட்டம் ஒன்றும் ரகசியம் இல்லை. கிரேடு 7ல் பருவ மாற்றம், ஆண் பெண் பற்றிச் சமூகம் வைத்திருக்கும் எண்ணங்கள், கூட்டாளிகளின் வற்புறுத்தலுக்கு எப்படி மறுப்பது, இவைதான். கர்ப்பம், பால்வினை நோய், எச்.ஐ.வி. எல்லாம் கிரேடு 9ல் விரிவாக வரும். வாட்ஸ்அப்பில் சுற்றியதைச் சொன்னீர்கள். 2019ல் டீச்சர்களுக்கு வரிக்கு வரி எழுதிக் கொடுத்த பாடக் குறிப்பு என்று ஒன்று வந்தது. அதைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் கிளம்பி, எங்கெங்கோ எடுத்த படங்களை எல்லாம் அதில் இருப்பதாகப் போட்டார்கள். அப்போது அடிப்படைக் கல்வி அமைச்சராக இருந்தவர் ஏஞ்சி மொட்செகா. அந்த நவம்பரில் கல்வித் துறை முழுக் குறிப்பையும் இணையத்தில் போட்டது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று. படித்தவர்கள் கொஞ்சம் பேர், ஃபார்வர்டு செய்தவர்கள் லட்சம் பேர். பாலியல் கல்வி இந்த நாட்டுப் பாடத்திட்டத்துக்கு வந்ததே 2000ல். குரூப்பில் இருக்கும் இளைய அம்மாக்கள் பலர் அதைப் படித்துத்தான் வளர்ந்திருப்பார்கள்!

எங்கள் பக்கத்துக் குறை என்னவென்றால், பல பள்ளிகளில் யாருக்கு பீரியட் காலியாக இருக்கிறதோ அவர் தலையில் எல்.ஓ.வைக் கட்டுவார்கள். கணக்கு வாத்தியார், டிராயிங் வாத்தியார், யாராகவும் இருக்கலாம். வெட்கத்தில் அந்த அத்தியாயத்தை மட்டும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிவிடுவார். நர்ஸ் வருவது முதலில் அவருக்குத்தான் உதவி. நீங்கள் உட்காரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வகுப்பில் அம்மா உட்கார்ந்தால் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது, அதுவும் அடுத்த வீட்டுப் பிள்ளை! குழு வருவதற்கு முன் ஒரு மாலையில் பெற்றோர் கூட்டம் வைக்கச் சொல்லுங்கள். அதே பாடத்தை அங்கே காட்டட்டும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். பெற்றோர் கேட்டால் எந்த முதல்வரும் மாட்டேன் என்று சொல்வது கஷ்டம்.

பக்கத்துத் தெருப் பெண் விஷயம். அது கொள்கைக்கே விரோதம். 2021 இறுதியில் மாணவியர் கர்ப்பம் பற்றிய தேசியக் கொள்கை வந்துவிட்டது. கர்ப்பம் என்ற காரணத்துக்காகப் பிள்ளையைப் பள்ளியை விட்டு அனுப்பக் கூடாது, பிரசவத்துக்குப் பிறகு திரும்பிவர வழி செய்ய வேண்டும். வாயால் சொன்னதை அப்படியே ஏற்காமல், எழுத்தில் கொடுங்கள் என்று அவள் அம்மா கேட்கட்டும். எழுத்தில் கேட்டதுமே பல இடத்தில் பேச்சு மாறிவிடும். அந்தப் பெண்ணுக்குப் பதினாறு ஆகவில்லை, பையன் பெரியவன் என்றால் அது வேறு விஷயம். அதைப் பள்ளி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

உசிலம்பட்டிப்பொண்ணு:

டீச்சர், அக்கா, ரொம்ப நன்றி. எச்.பி.வி. ஊசி கிரேடு 5லேயே போட்டிருக்கிறார்கள், புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்துத் தெரு அக்காவிடம் இன்றைக்கே போய்ச் சொல்கிறேன்.

ஆனால் பன்னிரண்டு வயசு விஷயத்தை யாரும் தொடவில்லையே? நிஜமா? இன்னும் தலை பின்னிவிட நான்தான் வேண்டும் அவளுக்கு. என்னைக் கேட்காமல் மாத்திரையா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

நிஜம். மறைக்க ஒன்றும் இல்லை. 2005ஆம் வருடத்துக் குழந்தைகள் சட்டம், பிரிவு 134. பன்னிரண்டு நிறைந்த பிள்ளை ஆணுறை கேட்டால் மறுக்கக் கூடாது. மற்ற கருத்தடை கேட்டால், சரியான ஆலோசனை சொல்லி, உடம்பைப் பரிசோதித்துப் பார்த்து, பெற்றோர் சம்மதம் இல்லாமல் கொடுக்கலாம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் அதே பன்னிரண்டு.

அதற்காகப் பன்னிரண்டு வயதில் எல்லாம் செய்யலாம் என்று சட்டம் சொல்வதாக நினைக்காதீர்கள். உறவுக்குச் சம்மதம் சொல்லும் வயது பதினாறு. பன்னிரண்டுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை உள்ள இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் செய்ததற்காக அவர்களைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2013ல் தீர்ப்புச் சொன்னது, 2015ல் சட்டமும் திருத்தப்பட்டது. இருபத்தைந்து வயது ஆள் பதினைந்து வயதுப் பெண்ணிடம் போனால், அவளே சரி என்று சொல்லியிருந்தாலும் குற்றம்தான். தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் சொல்லியாக வேண்டும். ஏர்டைம், காலணி, புது போன் வாங்கிக் கொடுத்து வலை வீசுகிற இந்த ஆட்களை இங்கே பிளெஸர் (ஆசி வழங்குபவர்) என்று கூப்பிடுகிறார்கள், எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்!

என் அனுபவத்தில் அம்மாவிடம் பேச முடிந்த பிள்ளை அம்மாவோடுதான் கிளினிக்குக்கு வந்தாள். தனியாக வந்த பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டில் சொன்னால் அடி விழும் என்று பயந்தவர்கள், அல்லது வீட்டிலேயே பிரச்சினை இருந்தவர்கள். அந்தச் சட்டம் இருப்பது அவர்களுக்காக. "அம்மா சம்மதம் கொண்டுவா" என்று அவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தால் அடுத்த வருடம் பிரசவ வார்டில் பார்த்திருப்பேன்.

ஒன்றை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பிள்ளைக்கும் வேண்டியிராமல் இருக்கட்டும். பலாத்காரம் நடந்தால் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆர்.கே. கான் மருத்துவமனையில் துதுசேலா மையம் இருக்கிறது. மருத்துவம், போலீஸ் வாக்குமூலம், ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பிள்ளைகள் தாங்களே பேச சைல்ட்லைன் 116, காசில்லாமல் போகும்.

கேம்பஸ்_காவேரி:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். நான் யூனிவர்சிட்டியில் படிக்கிறேன், சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். எத்தனை மணிக்குப் போகலாம் என்று கேட்கச் சொன்னார்களே சிஸ்டர் ஆன்ட்டி, அதை நான் கோடு போட்டுக் காட்டுவேன்.

கிரேடு 11ல் மாதவிலக்கு வலி தாங்காமல் தனியாக ஒரு கிளினிக்குக்குப் போனேன், பள்ளிச் சீருடையோடு. மருந்து வாங்க ஆயாவின் பஜனைக் கோஷ்டி முழுக்க வரிசையில் உட்கார்ந்திருந்தது. பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை. அதில் ஒருத்தர் அத்தனை பேர் முன்னால், "என்னம்மா, இந்த வயசுல உனக்கு இங்க என்ன வேலை?" என்றார். நான் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. வெறும் வயிற்று வலிக்கு இந்தக் கதி. அப்புறம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. எதுவாக இருந்தாலும் டாக்ஸி பிடித்து டவுனுக்கு.

சில கிளினிக்குகளில் இப்போது யூத் ஜோன் என்று பள்ளி விட்ட பிறகு இளைஞர்களுக்கென்று தனி நேரம் ஒதுக்குகிறார்கள். எங்கே, எப்போது என்று எல்.ஓ. வகுப்பில் ஒரு வரி சொன்னால் போதும். எங்களுக்குக் கருப்பையின் படம் வரைந்து பாகம் குறிக்கத் தெரியும், எங்கே போவது என்று தெரியாது.

லெனேசியா_தம்பி:

நான் இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறேன், வீட்டில் சொல்ல வேண்டியது வீட்டில். ஆனால் ஒரு சந்தேகம். எனக்குப் பையன், கிரேடு 6. இங்கே எல்லாரும் பெண்பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். பையன்களை வெளியே விளையாட அனுப்பிவிடுவார்களா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

சில பள்ளிகளில் அப்படித்தான் அனுப்புவார்கள், தம்பி. எனக்கு அதில் கோபம் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு பேட் பற்றிச் சொல்லும் அரை மணி நேரம் தனியாக இருக்கட்டும், மிச்சத்துக்கு எல்லாரும் உட்கார வேண்டும். சம்மதம் என்றால் என்ன என்று பெண்களுக்கு மட்டும் சொல்லி என்ன லாபம்? பையன்களுக்கும் இரவில் உடம்பில் நடப்பது நோயோ என்ற பயம் இருக்கும், கேட்க ஆள் இருக்காது. முடிந்தால் ஆண் நர்ஸ் ஒருவரைக் குழுவில் அனுப்பச் சொல்லிப் பள்ளி கேட்கலாம். கிடைப்பது அபூர்வம், ஆனாலும் கேட்கலாம். நீங்கள் வீட்டில் சொல்லப்போவதையும் சீக்கிரம் சொல்லிவிடுங்கள், கிரேடு 6 என்றால் போன் உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கும்.

உசிலம்பட்டிப்பொண்ணு:

கையெழுத்துப் போட்டுவிட்டேன். துண்டின் பின்பக்கம் பெற்றோர் கூட்டம் வேண்டும், கிளினிக் நேரம் சொல்ல வேண்டும், பையன்களும் உட்கார வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மாமியாரையும் கூட்டத்துக்கு அழைத்துப் போகிறேன், அவரே கேட்டார். குரூப்பில் இன்னும் நாலு அம்மாக்கள் அதே மாதிரி எழுதி அனுப்புகிறார்கள்.

சாக்பீஸ்_டீச்சர் (பீனிக்ஸ்):

நல்லது. அப்படியே கவர்னிங் பாடியில் (பள்ளி நிர்வாகக் குழு) இருக்கும் பெற்றோர் பிரதிநிதி ஒருவரிடமும் சொல்லிவையுங்கள். துண்டுச் சீட்டு டிராயரில் தூங்கிவிடும், கூட்டக் குறிப்பில் ஏறினால் பதில் சொல்லியாக வேண்டும். நாலாம் டெர்ம் என்றால் தேர்வு வந்துவிடும், குழுவின் தேதி தள்ளிப்போகும். அதற்கு முந்தியே கேளுங்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்:

தேதி தெரிந்ததும் இங்கே போடுங்கள் தங்கச்சி. அன்றைக்குக் கண்ணும் பார்ப்பார்கள். மகள் கண்ணாடி போடுகிறவள் என்றால் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள். பாதிப் பிள்ளைகள் வீட்டில் வைத்துவிட்டு வந்து நிற்பார்கள், அவர்களைச் சுவரில் இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லியே எங்களுக்குப் பாதி நேரம் போய்விடும்.